சவூதியிலிருந்து நீ கொண்டுவந்த பம்பு ஊசி

மாப்ளே,

இன்று காலை வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு பழைய லாரி பாரத்தோடு கிளம்பும்போது கறுகறுவென்று புகையைக் கக்கிவிட்டுப் போனது. பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. அந்த டீசல் வாடை உள்ளே போனதும், மேலப்பாளையத்தில் உன் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. என்னிடம் ஒரு சின்ன டர்போ லாரி இருந்தது. சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றங்கரை வயல்களில் வாழைத்தார் ஏற்றி, செங்கோட்டை வழியாகக் கேரளத்துச் சந்தைக்குப் போவேன். சமதரையில் ஓடுகிற வண்டி, புளியரை மலையேற்றம் வந்ததும் திணறிப்போகும். பின்னால் வருகிற பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்தே என்னைத் திட்டும். ஏலம் முடிந்து போய்ச் சேர்ந்தால் தாரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இனி என் வண்டியில் தார் ஏற்றமாட்டேன் என்று வாழை வியாபாரி சொல்லிவிட்டார். இதையெல்லாம் உனக்கு எழுதிப் புலம்பியிருந்தேன். நீ அப்போது சவூதியில் ஒரு பட்டறையில் மெக்கானிக்.

அந்த லீவுக்கு நீ வந்தபோது எல்லோருக்கும் சென்ட், சோப்பு, சேலை. எனக்கு மட்டும் ஒரு பழைய காலுறையைச் சுருட்டிக் கொடுத்தாய். உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் ஓர் இரும்பு ஊசி. ஒரு பக்கம் சரிவாகக் கடைந்திருந்தது.

"என்னலே இது?"

"எஞ்சினுக்கு டீசல் விடுத பம்புக்குள்ள போடுத பின்னுலே. கம்பெனிக்காரன் குடுத்தது டீசலை அளந்து அளந்து விடும். இது கொஞ்சம் தாராளமா விடும். அங்கன மணல்மேட்டுல ஏறுத வண்டிக்கெல்லாம் இதத்தான் வாங்கிப் போடுதானுவ. உன் வண்டிப் பம்பும் அதே ஜாதிதான்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வேலையை ஆரம்பித்தாய். பம்பின் தலைமூடியைத் திறந்து, உள்ளே இருந்த ரப்பர் தட்டை ஊசியோடு பைய உருவினாய். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாய். சரிவில் நூலிழை வித்தியாசம்தான். அதை மாட்டி மூடப்போகும்போது மெல்லிய வாஷர் ஒன்றைக் காணவில்லை. உன் முகம் வெளுத்துவிட்டது. "உள்ள விழுந்திருந்தா பம்பு செத்துச்சுலே" என்றாய். நான் வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினேன். கடைசியில் அது உன் முழங்கைக் கிரீஸில் ஒட்டிக்கொண்டிருந்தது. தேநீர் கொண்டுவந்த உன் மனைவிதான் பார்த்தாள். "லீவுல வந்த மனுசன் வீட்டுக்குள்ள இருக்காரா பாருங்கண்ணே" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வண்டியைக் கிளப்பி மிதித்ததும் கிளம்பிய புகையில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் நாறிப்போனது. உன் உம்மா உள்ளேயிருந்து கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. நீ மறுபடியும் மூடியைத் திறந்து ஊசியைச் சற்றுத் திருப்பி வைத்தாய். "ரொம்பக் குடுத்தா பிஸ்டன் உருகிரும். பேராசை கூடாது."

மறுவாரம் வாழைத்தாரோடு நீயும் என் கூடவே வந்தாய். புளியரை வளைவில் வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது. நீ ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு, "ஏலே, பஸ்ஸ முந்துதோம்லே! அந்த டிரைவர் மூஞ்சியப் பாரு!" என்று கூவினாய். அன்றைக்கு நம் தார்தான் ஏலத்தில் முதலில் போனது.

உனக்குத் திரும்பிப் போக மனமே இல்லை. இங்கேயே பட்டறை போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். "இந்த ஒருதடவ போயிட்டு வந்துருதேன், அதுக்கு மேல கிடையாது" என்றாய். திருவனந்தபுரம் விமானநிலையத்துக்கு அதே லாரியில்தான் போனோம். உன் மடியில் குழந்தை. அவளை உன் கழுத்திலிருந்து பிரித்தெடுத்து உன் மனைவி கையில் கொடுத்தவன் நான்.

அந்த வருஷக் கோடையில் உன் தெருமுனைப் போன் கடைக்குச் செய்தி வந்தது. பட்டறையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாயாம். போனை நான்தான் வாங்கினேன்; உன்னோடு வேலை பார்த்த கடையநல்லூர்க்காரர் பேசினார். "மவுத்தாயிட்டாரு" என்ற சொல்லுக்கு அப்புறம் அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

உடல் வருமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இன்று வரும் என்றார்கள், நாளை என்றார்கள். நான் லாரியைக் கழுவி, டீசல் நிரப்பி உன் வீட்டு வாசலிலேயே நிறுத்தினேன். பாரம் எடுக்கப் போகவில்லை. உன் வாப்பாவை ஏற்றிக்கொண்டு ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினேன். ஒவ்வோர் இடத்திலும் வேறோர் இடத்தைக் கைகாட்டினார்கள். கடைசியில், அங்கேயே அடக்கம் செய்துவிடுவது நல்லது, கோடை தாங்காது என்று போனில் சொன்னார்கள். வாப்பா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள மொகத்த ஒருதடவ பாக்க வழி பண்ணுப்பா" என்றார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடல் இல்லாமலே பள்ளிவாசலில் உனக்காகத் தொழுதார்கள். நான் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே வரச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். தொழுகை முடியும்வரை அங்கேயே நின்றேன்.

சில வருஷம் கழித்து வண்டியை விற்றேன். ஊசியைக் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வாங்கியவரும் மலைக்குத்தான் ஓட்டப்போகிறார். அப்படியே கொடுத்துவிட்டேன்.

போன மாதம் உன் மகள் வந்திருந்தாள். அவளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்: "மாமா, எங்க வாப்பா எப்படிப் பேசுவாங்க? போட்டோ இருக்கு, சட்டை இருக்கு. பேச்சு மட்டும் எனக்கு ஞாபகத்துல இல்ல."

பேராசை கூடாது என்றது, பஸ்ஸை முந்தும்போது கூவியது என்று நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன்னைப்போலவே சொல்லிக் காட்டப் பார்த்தேன். இரண்டு மூன்று தடவை முயன்றேன். என் குரல்தான் வந்தது. அவளும் புரிந்துகொண்டு, "பரவாயில்ல மாமா" என்றாள்.

உன் குரல் என் காதுக்குள் அப்படியே இருக்கிறது, மாப்ளே. எடுத்து அவளிடம் கொடுக்கத்தான் தெரியவில்லை.