டோக்கன் நான்கு: மகள் போன் எடுக்கவில்லை

அன்புள்ள வாண்டுவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டரே எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார், அதை நகலெடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, இந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே தூக்கிப் போடாத மனநிலையில் இருக்க வேண்டும். நீ என்னோடு பேசி நாற்பத்தொரு நாள் ஆகிறது. நாளை எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார், நான் எண்ணவில்லை, அது தானாக எண்ணிக்கொள்கிறது.

நான் செய்தது தப்புதான், பூசி மெழுக வரவில்லை. அன்று மூன்று தடவை கூப்பிட்டும் நீ எடுக்கவில்லை என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உன் ஆபீஸ் எண்ணைத் தேடிப் பிடித்து, வாசல் காவலாளியிடம் கெஞ்சி, அவர் போய் மேனேஜரிடம் சொல்லி, மேனேஜர் கூட்ட அறைக் கதவைத் திறந்து, பதினெட்டுப் பேர் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்த உன்னிடம், உங்க அப்பா லைன்ல இருக்கார், நீங்க உயிரோட இருக்கீங்களான்னு கேக்கறார், என்ன சொல்லட்டும் என்று கேட்டாராம். உன் மானத்தைக் கப்பலேற்றிவிட்டு, இருக்காளாமே என்று நான் இங்கே நிம்மதியாக ஒரு காபி குடித்தேன். சாயங்காலம் நீ கூப்பிட்டு, உயிரோட இருக்கேன்னு நான் எத்தன தடவப்பா நிரூபிக்கிறது, கொஞ்ச நாளைக்கு என்னைக் கூப்பிடாதீங்க என்றாய். கத்தியிருந்தால்கூடத் தேவலை. நீ மெதுவாகச் சொன்னாய்.

அந்த வாரமே நெஞ்சு படபடவென்று அடிக்க, போச்சு, ஐம்பத்து நாலோடு நம் கதை முடிந்தது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எல்லாச் சோதனையும் செய்துவிட்டு டாக்டர், உங்க இதயம் அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் அத விட மாட்டேங்கறீங்க என்றார். ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று கேட்டார். ஆறு என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா, ஒன்பது என்று திருத்தினாள். இனி இரண்டுதான். படுக்கையில் போன் கூடாது. நாடித் துடிப்பு காட்டும் அந்தக் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் நான் அதைப் பார்ப்பதும், பார்த்ததால் துடிப்பு ஏறுவதும், ஏறியதே என்று மறுபடி பார்ப்பதுமாக இருந்தேன். தினம் நாற்பது நிமிட நடை. கடைசியாக ஒன்று சொன்னார் பார், கவலைப்படாதீங்கன்னு சொன்னா நீங்க கேக்கப் போறதில்ல, அதனால ஒரு நேரம் வச்சுக்கிட்டுக் கவலைப்படுங்க, தினம் பதினஞ்சு நிமிஷம், மத்த நேரத்துல வர்ற கவலையெல்லாம் வெளிய காத்திருக்கட்டும் என்றார்.

நடையை உன் அம்மா எடுத்துக்கொண்டாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அல்லவா, புதிதாகச் சேர்பவர்கள் எல்லாம் எப்படியும் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டுகிறார்கள், அதனால் என்னை முன்னால் நடக்கவிட்டு அவர்களைப் பின்னால் ஓட்டி வரச் சொல்கிறாள். நான் நின்றால் ஹாரன். முதல் நாள் ஸ்டியரிங்கில் இருந்தவர் ஒரு வங்கி அதிகாரி, அவருக்கு என்னைவிடப் பயம், நான் தும்மியதற்கே பிரேக் போட்டார். தெருமுனை சலவைக்கடைக்காரர், யாரோ பெரிய மனிதருக்குப் பாதுகாப்பு வண்டி வருகிறது என்று நினைத்து எழுந்து நின்றார். கழற்றிய கடிகாரத்தை இப்போது உன் அம்மா கட்டியிருக்கிறாள். பாடம் நடக்கும்போது அவள் துடிப்பு நூற்று முப்பதாம், எனக்கு எதுவும் ஆகல, அவங்க கியர் மாத்தறாங்க அவ்வளவுதான் என்கிறாள்.

கவலை நேரத்தைத்தான் நான் சொதப்பினேன். பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவனுக்கு, காத்திருக்கட்டும் என்று ஒருவர் சொன்னால் கை தானாக டோக்கன் போடாதா? எங்கள் பல் டாக்டர் ஐந்து மணிக்கு டீ குடிக்கப் போவார், ஐந்தேகால் வரை யாரையும் பார்க்க மாட்டார், பதிவேட்டில் அந்த வரிகள் எப்போதும் காலி. அங்கே பென்சிலால் எழுதிக்கொண்டேன். டோக்கன் ஒன்று, படபடப்பு. இரண்டு, மறதி. மூன்று, கேஸை அணைத்தேனா. நான்கு, மகள் போன் எடுக்கவில்லை. நல்ல பலன் தெரிந்தது வாண்டு, பொய் சொல்லவில்லை. காலையில் துள்ளிக் குதித்து வந்த கவலைகளில் பாதி, ஐந்து மணிக்குக் கூப்பிட்டால் ஆளைக் காணோம். நான்காவது மட்டும் ஒரு நாள் தவறாமல் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை நான் பின்னறையில் ஒரு எக்ஸ்ரேயைத் தேடிக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து நான்கே நாளான நர்ஸ், மணி ஐந்தாயிற்று, மேசையில் ஆள் இல்லை என்று பொறுப்பாகப் பதிவேட்டை எடுத்து உரக்கக் கூப்பிட்டுவிட்டாள், டோக்கன் ஒண்ணு, படபடப்பு யாருங்க? என்று. நான் ஓடி வருவதற்குள் பெரிய மீசை வைத்த ஒருவர் எழுந்து நின்று, நான்தாங்க, எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்கிறார். மறதிக்கு யாரும் எழுந்திருக்கவில்லை, ஒரு நிமிடம் கழித்து மூலையிலிருந்து ஒருவர், அட நான்தானே என்றார். கேஸை அணைத்தேனா என்றதும் ஒரு அம்மாள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே ஓடிவிட்டார், இன்னும் பல்லைக் காட்ட வரவில்லை. பல் டாக்டர் டீக் கோப்பையோடு வெளியே வந்து, என்ன சத்தம் என்று விசாரித்து, விஷயம் தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சொல்லக் கூடாது, எனக்கு ஊசின்னா பயம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் அசடு வழிந்துகொண்டு நின்றேன்.

நான்காவது டோக்கனுக்கு மூன்று கைகள் உயர்ந்தன. இரண்டு பேர் என் வயது அப்பாக்கள். மூன்றாவது, கன்னம் வீங்கி வந்திருந்த ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். நான் போன் எடுக்காத மக என்றாள். ஏம்மா எடுக்க மாட்டேங்கற என்று நான்தான் கேட்டேன். எடுத்தா அவங்க பயத்துக்கு நான் ஆறுதல் சொல்லணும் சார், எனக்கு நிஜமா ஏதாவது ஆச்சுன்னா அதச் சொல்ல வழியே இல்ல, அவங்க தாங்க மாட்டாங்க என்றாள். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு சொன்னாள், ஒரு வார்த்தைகூட எனக்குக் குழறலாகக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். உன் அம்மா சிரிப்பாள் என்று பார்த்தால், அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். போன வருஷம் உனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனதைச் சொன்னாள். அப்பாகிட்டச் சொல்லாதம்மா என்று நீ கேட்டுக்கொண்டதையும் சொன்னாள். நீ ஆஸ்பத்திரியில் இருந்த அந்த மூன்று நாளும் நான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறேன். நீயும் எடுத்திருக்கிறாய். மீட்டிங்ல இருக்கேம்பா, நல்லா இருக்கேன் என்று சொல்லியிருக்கிறாய். தையல் போட்ட வயிற்றோடு படுத்துக்கொண்டு எனக்குத் தைரியம் சொல்லியிருக்கிறாய். படபடப்பு வரும் என்று நானும் எதிர்பார்த்தேன். வரவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது. மறுநாள் எழுந்து நடக்கப் போனேன்.

என்னை மன்னித்துவிடு கண்ணு. இன்னும் பயம் போகவில்லை, போய்விட்டது என்று சொன்னால் உன் அம்மா பக்கத்திலிருந்து திருத்துவாள். ஆனால் இப்போது காபி இரண்டுதான், நடை நாற்பது நிமிடம், பயம் கால் மணி நேரம். மீதி நேரம் காலியாக இருக்கிறது. உனக்கு என்ன நடந்தாலும் சொல்லு, நான் தாங்குவேன், தாங்க முடியாவிட்டால் ஐந்து மணிவரை வைத்திருந்து அப்புறம் தாங்குவேன். நானாகக் கூப்பிட மாட்டேன், உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது நீ கூப்பிடு, இல்லாவிட்டால் எழுது. நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து, நூறு வயது இருக்க வேண்டும். பின்கடைவாய்ப் பல்லைத் துலக்காமல் விட்டுவிடாதே, அவசரத்தில் எல்லோரும் விடுவது அதைத்தான். பதில் எழுதினால், நல்லா இருக்கேன் என்று எழுதி முடித்துவிடாதே. ஆபரேஷன் அன்று ரொம்ப வலித்ததா, பக்கத்தில் யார் இருந்தார்கள், அதை எழுது.

என்றும் உன்,
அப்பா