கலக்காமல் தடவிய லாவெண்டர் எண்ணெய்

அன்புள்ள வாப்பாவுக்கு ஸலாம்.

தினமும் போனில் பேசிவிட்டுக் கடிதமும் எழுதுகிறேனே என்று கோபிக்காதீர்கள். சிலவற்றை வாயால் கேட்க வரவில்லை. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? உம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

லாவெண்டர் எண்ணெய் எதற்கு ஆகும், நம் கடையில் வைத்தால் போகுமா என்று கேட்டீர்கள். வாசனை நன்றாக இருக்கும். தலையணையில் இரண்டு சொட்டு விட்டால் சிலருக்கு மனம் அடங்கித் தூக்கம் வரும். உடம்புக்குத் தேங்காய் எண்ணெயில் கலந்துதான் தடவ வேண்டும். குடிக்கவே கூடாது. நோய்க்கு மருந்து என்று சொல்லி விற்காதீர்கள்.

போன வாரம் ஒரு வேடிக்கை. தலைவலித் தைலம் போல அதை அப்படியே நெற்றியில் தேய்த்துவிட்டேன். நெற்றி சிவந்து தடித்துவிட்டது. எங்கள் எண்ணெய்க் கம்பெனி மேலாளர் ப்ரியம்வதா மேடம் கும்பகோணத்துக்காரர். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஏம்மா ஹஃப்ஸா, கலக்காம தடவக் கூடாதுன்னு தமிழ் லேபிள் எழுதினதே நீதானே?"

இப்போது ஆறிவிட்டது. உம்மாவிடம் சொல்ல வேண்டாம். வீட்டுத் தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் அனுப்புங்கள்.

தலையணையிலும் விட்டுப் பார்த்தேன். எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிகாலை ஷிஃப்ட் என்பதால் ராத்திரி எட்டு மணிக்கே படுக்கிறேன். புரள்கிறேன், எழுகிறேன், ஜன்னலைத் திறந்து மூடுகிறேன். இந்த பெங்களூர் அறையில் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. ஒன்றே ஒன்று வாப்பா. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு, ராத்திரி எட்டு மணிக்கு போன் செய்வேன். எடுத்து, என்னிடம் பேசாமல், கல்லாப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். வருகிறவர்களிடம் நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். கடை அடைக்கும்போது அணைத்தால் போதும்.

ஹஃப்ஸா