அடைத்த தெரு

சிகாகோ
ஆகஸ்ட் 20, 2014

என் அன்பு மகள் ரோஷெலுக்கு,

அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் சுகம். நீயும் மருமகனும் அட்லாண்டாவில் நல்லபடி இருக்க வேண்டும் என்று தினமும் கர்த்தரிடம் கேட்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். முப்பத்தோரு வருஷம் தபாலாபீசில் ஊரார் கடிதங்களைப் பிரித்து அடுக்கியவள் நான், போனில் பேசினால் “என்னம்மா முடிவு பண்ணுனே” என்று நீ நடுவில் புகுந்துவிடுவாய், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அங்கே வந்து உன்னோடு இருந்துவிடு என்று ஈஸ்டரிலிருந்து கேட்கிறாய், தெரு விழா முடியட்டும், நாலு பேர் வந்தாலும் நான் இங்கேயேதான் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். விழா சனிக்கிழமை முடிந்தது. தெருச் சங்கத்துக்கு இன்னும் நான்தான் தலைவி, போட்டிக்கு ஆளில்லை.

தெருவை அடைக்க அனுமதி வேண்டுமானால் பாதி வீடுகளுக்கு மேல் கையெழுத்து வேண்டும் அல்லவா. இருக்கிற இருபத்திரண்டு வீட்டில் ஒன்பதில்தான் ஆள், மீதி ஜன்னலெல்லாம் பலகை அடித்துக் கிடக்கிறது. அதில் நாலு ஏதோ ஒரு வங்கியின் கையில் இருக்கிறது, மூன்று கடிதம் போட்டேன், பதிலில்லை. போன வருஷம் பள்ளிக்கூடத்தை மூடினார்கள், பிள்ளை குட்டி உள்ளவர்கள் இண்டியானா பக்கம் போய்விட்டார்கள். மளிகைக் கடையும் போயிற்று, ஒரு கட்டு கீரைக்கு இரண்டு பஸ் மாறுகிறேன். நானும் உன் அப்பாவும் இங்கே வந்தபோது தெரு முழுக்க வெள்ளைக்காரர்கள். நாங்கள் பெட்டியை இறக்கிய மறு வாரமே விற்பனைப் பலகைகள் முளைத்தன, இரண்டே கோடையில் ஒருவர் மிச்சமில்லை. யாரும் முகத்துக்கு நேரே ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை, போய்விட்டார்கள், அவ்வளவுதான். அவர்கள் பின்னாலேயே வங்கிக் கிளையும் பல் டாக்டரும் போனார்கள். இப்போது நம் கறுப்பர்களே போகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெருமுனையில் நம் சங்கத்துப் பலகை நிற்கிறதே, பந்து விளையாடக் கூடாது, கார் கழுவக் கூடாது, சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது என்று, அதில் ஒன்றையாவது யாராவது மீற மாட்டார்களா என்றிருக்கிறது.

ஜூனில் கண் டாக்டரைப் பார்க்க, வெள்ளைக்காரர்கள் இருக்கிற வடக்குப் பக்கம் போனேன். அங்கேயும் ஒரு தெரு விழா. நாய்க்குக்கூட தண்ணீர்க் குழாய் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான், அதே மேயர், அதே வரி. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். அந்தக் கோபத்தில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, ஆளில்லாத பதின்மூன்று வீட்டுக்கும் நானே கையெழுத்துப் போட்டேன். யார் எழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. பலகை அடித்த மூலை வீட்டு மிசஸ் பர்டீன் கையெழுத்தின் வளைந்த வால் உட்பட எல்லாம் அச்சாக வந்தது. அனுமதி கொடுக்கிற கவுன்சிலரின் வட்ட அலுவலகத்தில் இருந்தது யார் தெரியுமா, நம் சர்ச்சில் பாடுகிற ஷனெல். காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “மிஸ் வெர்னீஸ், பர்டீனம்மா அடக்கத்துக்கு நான்தானே பாடுனேன்” என்றாள். அவ கையெழுத்து இல்லாம நம்ம தெருவுல எந்தக் காகிதம் நகர்ந்திருக்கு என்றேன். சிரித்துவிட்டாள், ஆனால் ஒவ்வொரு பெயராக அடித்தாள். அப்புறம்தான் சொல்கிறாள், காலி வீடெல்லாம் கணக்கிலேயே கிடையாதாம், ஆள் இருக்கிற ஒன்பதில் ஒன்பதும் போட்டாயிற்று, அதுவே போதுமாம். நான் மெனக்கெட்டுக் கள்ளக் கையெழுத்துப் போட்டது வீண். அந்தக் காகிதத்தில் நம் வீட்டுக்கு நேரே, என் பெயருக்குக் கீழே உன் பெயரையும் எழுதியிருந்தேன். ரோஷெல் இங்கயா இருக்கா என்றாள். இருக்கா, வெளியே போயிருக்கா என்றேன். அதை மட்டும் அவள் அடிக்கவில்லை.

விழாவுக்கு உருளைக்கிழங்கு சாலட் ஒரு அண்டா செய்தேன், ஐம்பது பேருக்குச் செய்த கை, குறைக்கத் தெரியவில்லை. நகராட்சியிலிருந்து குழந்தைகள் குதிக்கிற காற்றுக் கூடாரம் கொண்டுவந்தார்கள், பசங்க எங்கே என்று கேட்டான் அந்த ஆள். கடைசியில் எதிர்வீட்டு லெமுவேல், எழுபத்திரண்டு வயசு, ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி நாலு குதி குதித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தோம். மூன்று மணிக்கெல்லாம் தட்டை மூடிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், நான் தெரு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அன்று பகல் முழுக்க, திருப்பி அனுப்ப ஒரு கார்கூட வரவில்லை.

இதைக் கேள். கிழக்கு முனையில் வைத்த மரத்தடுப்பை நான் எடுக்கவில்லை. மறந்து அல்ல, வேண்டுமென்றேதான். யாராவது வந்து ஏன் அடைத்திருக்கிறாய் என்று சண்டைக்கு நிற்கட்டும் என்று பார்த்தேன். ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. “ஏம்மா வெர்னீஸ், ஆம்புலன்ஸ் கீம்புலன்ஸ் வந்தா என்ன பண்ணுவே” என்று லெமுவேல் திட்டினார். கூப்பிட்டப்போ மட்டும் வந்து கிழிச்சாங்களாக்கும் என்றேன். தபால்காரன் தடுப்பைச் சுற்றி நடந்து வந்து குட்மார்னிங் சொல்லிவிட்டுப் போனான். இன்று நாலாவது நாள். இந்த ஊரில் ஒரு தெரு அடைபட்டுக் கிடப்பது ஒருவருக்கும் தெரியவில்லை. காலையில் நானே போய் இழுத்து ஓரமாகப் போட்டேன், ரொம்ப அழுகை வந்தது, நின்று அழுதுவிட்டுத்தான் வந்தேன்.

அதனால் வருகிறேன், ரோஷெல். அக்டோபரில் குளிருக்கு முன்னால் வந்து கூட்டிக்கொண்டு போ. வெர்னீஸ் தோற்றுப்போய் ஓடிவிட்டாள் என்று தெருவில் பேசுவார்களே என்று நேற்றுவரை தயங்கினேன். பேச யார் இருக்கிறார்கள்.

வரும்போது விமானம் வேண்டாம், காரிலேயே வா, அப்பாவின் நாற்காலியை நான் விட்டுவிட்டு வர மாட்டேன். மருமகனுக்கு உப்பைக் குறை. உங்கள் இருவர் தலைமேலும் கர்த்தரின் கை எப்போதும் இருக்கட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
வெர்னீஸ்