குதிரைக்குப் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை

ராஜபாளையம்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகன் ஜாபிருக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் நல்லபடியாக இருக்கிறோம், கனடாவில் பனியிலும் குளிரிலும் கிடக்கிற நீயும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அத்தாவுக்கு முழங்கால் வலி. அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர் சொன்னதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். மலையில் நல்ல மழை, அய்யனார் கோவில் அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, லீவு நாள் வந்தால் பாதி ஊர் அங்கேதான் கிடக்கிறது. நம் கண்ணாடிக் கடையும் குறையில்லாமல் ஓடுகிறது, புது வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் இப்போது சுவருக்குப் பதிலாகக் கண்ணாடியைத்தான் வைக்கிறார்கள், நமக்கு நல்லதுதான். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் முக்கியமான விசயத்துக்கு வரும்போதெல்லாம் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு மீட்டிங் வராது. எழுதி முடித்ததும் கடையில் வேலை பார்க்கும் வேல்பாண்டி பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவான். விசயம் உன் கல்யாணம், அதனால் நடுவில் விட்டுவிடாமல் கடைசி வரை படி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது என்று போன மாதம் சொன்னேன். பெண் பெயர் ஷிஃபா, மாட்டு டாக்டருக்குப் படித்து சுந்தரபாண்டியம் பக்கம் அரசு மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள், தகப்பனார் இல்லை, தாயாரும் தாய்மாமன் முகமது ரியாஸும்தான் எல்லாம் பார்க்கிறார்கள். அவர்கள் மாப்பிள்ளை போட்டோ கேட்டார்கள். கோட்டுப் போட்டுத் தலை சீவி நீ எடுத்துக்கொண்ட லட்சணமான படம் என் போனில் இருக்கிறது. ஆனால் முந்திக்கொண்டு அனுப்பியது உன் அத்தா. எதை அனுப்பினார் தெரியுமா, கால்கரியில் குதிரைத் திருவிழாவுக்குப் போய்ப் பெரிய தொப்பியை மாட்டிக்கொண்டு ஒரு செம்பட்டைக் குதிரைக்குப் பக்கத்தில் நின்று அனுப்பினாயே, அந்தப் படத்தை. உலகத்தில் எந்தத் தகப்பனாவது பெண் வீட்டுக்கு இப்படி ஒரு படம் அனுப்புவானா. மறுநாள் ரியாஸ் போன் போட்டு, “மாப்பிள்ளை இன்ஜினியர்னுல்ல சொன்னிய, அங்கன போயி மாடு மேய்க்காகளா” என்று கேட்டிருக்கிறார். அதற்காவது ஒழுங்காகப் பதில் சொன்னாரா உன் அத்தா. மேய்த்தால்தான் என்ன குறைச்சல், கௌபாய் படம் பார்த்திருக்கிறீர்களா என்று ஆரம்பித்து, கடையில் ஆள் காத்துக்கிடக்க, அந்த மனுசனுக்கு முழுக் கதையும் சொல்லியிருக்கிறார். சம்பந்தம் அன்றைக்கே போய்விட்டது என்றுதான் நினைத்தேன், கோபத்தில் ராத்திரி அவருக்குச் சோற்றை வைத்துவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நானும் அவரும் அந்தக் கௌபாய் படங்களை விடாமல் பார்ப்பது உனக்குத் தெரியும். மதியம் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிடும்போது தமிழ் பேசுகிற கௌபாய் படம் ஏதாவது ஒன்று டிவியில் ஓடும், இப்போது போனிலேயே வேண்டியதைப் போட்டுக்கொள்கிறோம். உன் அத்தாவுக்குச் சுடுகிற வேகம்தான் பெரிது. யார் முதலில் துப்பாக்கியை உருவினான், குண்டு எந்தப் பக்கம் போனது என்று அம்பயர் மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் சாராயக் கடைக்குள் சண்டை தொடங்கிவிட்டால் மட்டும் அவருக்குத் தாங்காது, “ஏட்டி, எம்புட்டுக் கண்ணாடி போச்சு பாரு, ஒருத்தனாவது அந்தக் கடைக்காரனுக்குக் காசு குடுத்தானா” என்று பதறுவார். அதெல்லாம் சர்க்கரைப் பாகில் செய்த கண்ணாடி என்று நீ ஒரு முறை சொன்னாய், அவர் இன்றுவரை நம்பவில்லை. எனக்குச் சண்டையே வேண்டாம். நல்ல கௌபாய் படத்தில் சண்டை கொஞ்ச நேரம்தான், அதற்கு முன்னால் இருக்கிற நேரம்தான் படம். வெயிலில் ஒருத்தன் வெகு தூரத்தில் எறும்பாகத் தெரிகிறான், வந்துகொண்டே இருக்கிறான், அவன் நல்லவனா கெட்டவனா என்று நமக்குத் தெரியாது. ஊருக்குள் வந்து இறங்கினதும் தான் தண்ணீர் குடிக்கிறானா, குதிரைக்கு முதலில் காட்டுகிறானா என்று பார்க்க வேண்டும். ஒரு வசனம் கிடையாது, ஆளை நாமே எடை போட்டுக்கொள்ள வேண்டியதுதான். நம் படங்களில் கதாநாயகன் எவ்வளவு நல்லவன் என்று நாலு பேர் பாட்டுப் பாடிச் சொல்வார்கள். அங்கே அவனுடைய குதிரை அவனுக்குப் பக்கத்தில் எப்படி நிற்கிறது என்பதே போதும்.

அப்புறம் கதை. நீ யோசித்துப் பார், குதிரையையும் தொப்பியையும் எடுத்துவிட்டால் எல்லாம் நம் தாலுகா ஆபீஸ் தகராறுதான். ஒருத்தன் ஓடையை மறித்துக்கொள்கிறான், ஒருத்தன் மாடு போகிற பாதையில் வேலி போடுகிறான், பெரிய பண்ணைக்காரன் சின்னவனை விரட்டப் பார்க்கிறான். பக்கத்து ஊர் தேவதானத்தில் வேலியைப் பற்றிப் பேசி மண்டை உடைந்தவர்களைக் கேட்டால் வசனமே எழுதிக் கொடுப்பார்கள். வம்பு வருகிறது என்றால் தெருவில் ஒவ்வொரு கடையாகக் கதவு சாத்துகிறார்களே, அது எவ்வளவு உண்மை. எந்தக் கடை முதலில் ஷட்டரை இறக்கும், எந்தக் கடை பாதி இறக்கி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும் என்று எங்கள் தெருவை வைத்தே சொல்லிவிடுவேன். அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களையே காட்டுமிராண்டிகளாகக் காட்டிச் சுட்டுத் தள்ளுகிற படங்கள் மட்டும் எனக்கு ஆகாது, அத்தா என்ன கத்தினாலும் அணைத்துவிடுவேன். அநியாயத்தைக் கண்ணார உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது.

சரி, நம் விசயத்துக்கு வருகிறேன். போய்விட்டது என்று நினைத்த சம்பந்தம் போகவில்லை. பெண் பார்க்க வாருங்கள் என்று ரியாஸே கூப்பிட்டார், குரலில் அவ்வளவு சந்தோசம் இல்லை, பெண் சொல்லித்தான் கூப்பிடுகிறார் என்று தெரிந்தது. போன வியாழக்கிழமை நானும் அத்தாவும் பஸ்ஸில் போனோம். அத்தாவும் ரியாஸும் முன் அறையில் உட்கார்ந்தார்கள், நான் திரைக்கு உள்பக்கம் பெண்ணோடும் தாயாரோடும் இருந்தேன். நல்ல நிறம், நல்ல உயரம், அதெல்லாம் விடு, கையைப் பார்த்தேன், மாட்டைப் பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறிய கை. எனக்கு அந்தக் கையைப் பிடித்துப் போயிற்று. போட்டோவைப் பற்றி நானே எடுத்து, அத்தா அவசரத்தில் தவறாக அனுப்பிவிட்டார், வேறு படம் காட்டுகிறேன் என்று போனை எடுத்தேன். அவள் வேண்டாம் என்றாள். “அந்தப் படத்தப் பாத்துட்டுத்தான் மாமி உங்கள வரச் சொன்னேன். குதிரை காத முன்னால வச்சிருக்கு, ஒரு பின்னங்காலத் தளத்திக்கிட்டு நிக்குது. பயந்த குதிரை அப்படி நிக்காது. முன்னப் பின்ன தெரியாத குதிரைகிட்ட ஒரு மனுசன் அப்படி நிக்கணும்னா கையும் மனசும் அமைதியா இருக்கணும்” என்றாள். ஜாபிர், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ பிறந்ததிலிருந்து உன்னைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், மார்க்கைச் சொல்வார்கள், சம்பளத்தைச் சொல்வார்கள், இப்படி ஒருத்தரும் சொன்னதில்லை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் அத்தா, “நான் தப்பா அனுப்பல, தெரிஞ்சுதான் அனுப்புனேன்” என்று சத்தம் போட்டார். பச்சைப் பொய்.

அதோடு முடிந்திருந்தால் இனிப்பு மாற்றிக்கொண்டு வந்திருப்போம். அவள் என்னிடம், “மாமி, நீங்களும் மாமாவும் அந்தக் கௌபாய் படம்லாம் நெறைய பாப்பீகளாமே, எனக்கு அதுல ஒண்ணு மட்டும் பிடிக்காது” என்றாள். என்னம்மா என்றேன். எல்லாச் சண்டையும் போட்டு ஊரைக் காப்பாற்றுகிறவன் கடைசியில் குதிரை ஏறிப் போய்விடுகிறானே, அதுதான் என்றாள். அது பெருந்தன்மை என்று அத்தா திரைக்கு அப்பாலிருந்து சொன்னார். அவள் விடவில்லை. “சண்டை ஒரு நா சோலி மாமா. மறுநா அந்த வேலியக் கட்டணும், கெணத்தத் தூர் வாரணும், காயம் பட்டவுகளுக்குக் கஞ்சி காச்சணும். அதெல்லாம் யாரு செய்யுதாக, கூடவே இருக்கவுக. எனக்கு இருக்கவுகதான் வேணும்” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நேராகவே சொல்லிவிட்டாள். தகப்பன் இல்லாத வீடு, தாயை விட்டுவிட்டு வர முடியாது, வேலையையும் விட மாட்டாள், நீ ஊரோடு வந்து இருப்பதாக இருந்தால் அவளுக்குச் சம்மதம், இல்லையென்றால் யார் மேலும் வருத்தமில்லை. பதிலைப் பெரியவர்கள் சொல்லக் கூடாது, நீதான் அவளிடம் சொல்ல வேண்டும். ரியாஸ் உள்ளே எட்டிப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் முகத்துக்கு நேரே இப்படியா பேசுவாய் என்று அவளை அதட்டினார். பெண்ணின் தாயார் தலையைக் குனிந்துகொண்டார். நான், “அதட்டாதிய, கேக்க வேண்டியதத்தான் கேக்குது” என்று சொன்னேன். நிக்காஹ் அன்றைக்குச் சம்மதமா என்று வந்து கேட்பது பெண்ணிடம்தானே, அவளுக்கு நிபந்தனை சொல்லவும் உரிமை இருக்கிறது. அங்கே எல்லாருக்கும் இதை மார்க்கத்தோடு சேர்த்து எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அத்தா சட்டையைக் கழற்றிக்கொண்டே, “புள்ள தங்கமான புள்ள, ஆனா அவன்கிட்ட இதக் கேக்க வேண்டாம் ஆயிஷா, வேற எடம் பாப்போம்” என்றார். ஏன் என்று கேட்டேன். “கேட்டு அவன் வரலன்னு சொல்லிட்டான்னா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருசத்தில் நாங்கள் இருவரும் உன்னை ஊருக்கு வந்துவிடு என்று ஒரு நாளும் கேட்டதில்லை, நீயும் கவனித்திருப்பாய். பெருந்தன்மையான பெற்றோர், பிள்ளையின் வாழ்க்கையில் குறுக்கே நிற்காதவர்கள் என்று உறவெல்லாம் எங்களைப் பாராட்டும். அதெல்லாம் ஒன்றுமில்லை. கேட்காத வரைக்கும் நீ இல்லை என்று சொல்ல முடியாது, அந்த ஒரு நம்பிக்கையில்தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். அந்தப் பெண் எங்களைப் பார்த்து அரை மணி நேரத்தில் கேட்டுவிட்டாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அத்தா பயப்படட்டும், நான் பயப்படப் போவதில்லை.

அதனால் நன்றாகக் கேட்டுக்கொள். வந்தால் இங்கே வேலை இருக்குமா என்று மலைக்காதே, உன் படிப்புக்கு மதுரையிலும் இருக்கிறது, கோயம்புத்தூரிலும் இருக்கிறது, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். கனடாவிலேயே இருக்கத்தான் உன் மனம் சொல்கிறது என்றால் அதிலும் தப்பில்லை, நீ ஒன்றும் களவு செய்யவில்லை. ஆனால் அதை நீயே அந்தப் பெண்ணிடம் சொல், எங்களைத் தூது விடாதே. யோசிக்கிறேன், பார்க்கலாம் என்று இழுத்தடிக்காதே, அவள் காத்துக் கிடக்கிற ரகம் இல்லை, காத்துக் கிடக்க வைப்பதும் மரியாதை இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, எதுவாக இருந்தாலும் அவளுக்குச் சொல்லிவிடு. அவள் நம்பரையும் தாயார் அனுமதியையும் நான் வாங்கி வைத்துவிட்டேன், ரியாஸ் முறைத்தார், முறைத்துவிட்டுப் போகட்டும்.

வேறென்ன. உறைந்து கிடக்கும் ரோட்டில் வேகமாகக் கார் ஓட்டாதே. ஐஸ் பெட்டிப் பரோட்டாவை நாள் தவறாமல் தின்னாதே, வயிறு என்னத்துக்கு ஆகும். விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்திரு. காதையும் நெஞ்சையும் மூடிக்கொண்டு வெளியே போ. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், மனதுக்குப் பிடித்த துணையையும், எந்தப் பதிலையும் முகம் பார்த்துச் சொல்கிற தைரியத்தையும் தரட்டும்.

மறக்காதே, நீ சொல்ல வேண்டிய பதில் ஒன்று இல்லை, இரண்டு. ஷிஃபா கேட்பது மாப்பிள்ளையை. அவளுக்கு நீ என்ன சொன்னாலும், அந்தக் கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், எனக்குத் தனியாக ஒரு பதில் வேண்டும். நான் கேட்பது என் மகனை. ஜாபிர், வீட்டுக்கு வந்துவிடுகிறாயா?

இப்படிக்கு,
முதல் தடவையாகக் கேட்கும் உன் அம்மா,
ஆயிஷா பீவி.