கோழிக்கூண்டுக்கு அடியில் இருந்த துப்பாக்கி

மார்ச் 9

கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்திருந்த குழாயைத் தோண்டி எடுத்தேன். உள்ளே அப்பாவின் பழைய ராணுவத் துப்பாக்கி. அரசாங்கம் ஜனங்களிடமிருந்து துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கிக்கொண்ட வருஷம், அண்ணன் கிளாரி பயந்துபோய்ப் புதைத்தது. இந்த ரகத்தை ஒப்படைக்கச் சொல்லவே இல்லை என்பது ஊருக்கெல்லாம் தெரியும், அவனைத் தவிர! இப்போது ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவனுக்கு ஒரே ஆசை: போரில் செத்தவர்களை நினைக்கிற அன்சாக் நாள் விடியலில் அதன் வேட்டுச் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும். கேட்பான். நான் கை வைத்து ஓடாத இயந்திரம் நியூ சவுத் வேல்ஸிலேயே கிடையாது.

மார்ச் 10

குழாய்க்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது.

மார்ச் 18

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மரச்சுத்தியால் தட்டித் தட்டி, குண்டைத் தள்ளி ஏற்றுகிற போல்ட்டைக் கழற்றிவிட்டேன். பட்டாளத்தில் நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலை. துப்பாக்கிக் குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் — அம்மை போட்ட முகம் மாதிரி குழி குழியாக.

கிளாரியிடம், "பளபளன்னு இருக்கு, அதுல பார்த்து ஷேவ் பண்ணலாம்" என்றேன்.

ஏப்ரல் 2

துப்பாக்கி பழுது பார்க்கும் டோரீனிடம் கொண்டுபோனேன். பார்த்ததும் சிரித்தாள்.

"லெஸ், இதுல குண்டு போட்டா முன்னால வெடிக்காது. உன் மூஞ்சியிலதான் வெடிக்கும்."

"வேற குழல் மாட்டிக் குடேன்."

"குழல் புதுசு, போல்ட் புதுசுன்னா உங்கப்பா துப்பாக்கில எதுய்யா மிச்சம்? கட்டையா? அதுவும் உளுத்துப்போச்சு."

ஏப்ரல் 14

ஆகாது. போச்சு. அவன்கிட்ட எப்படிச் சொல்றது? சூப்கூட இறங்கலையே அவனுக்கு —

ஏப்ரல் 25

இருட்டு பிரியும் முன்பே போய் அவன் ஜன்னலைத் திறந்து வைத்தேன். எதிர்ப் பூங்காவில் நினைவுத்தூண். சிப்பாய்கள் மூன்று முறை மரியாதை வேட்டு சுட்டார்கள்.

"எதுடா நம்மளது?"

"ரெண்டாவது."

"யாரு சுட்டா?"

"டோரீன்."

கிளாரி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். "ஒத்தை வார்த்தையில பதில் சொல்ற ஆளாடா நீ? பொய்தானே?"

நான் அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"சரி விடு. எப்பவும்போல நீட்டி முழக்கிச் சொல்லு, கேப்போம்."

டீ வண்டி வரும்வரை சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

மே 6

நேற்று கிளாரியை அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். இன்று துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன்.

"இது சுடுமா?" என்று கேட்டாள் அங்கிருந்த போலீஸ்காரி.

"சுடுமாவா? அன்சாக் விடியல்ல ரெண்டாவதா ஒரு வேட்டு கேட்டுச்சே, அது எதுன்னு நெனச்ச?" என்று ஆரம்பித்தேன்.

முடிக்க முடியவில்லை.