குசினி வழியாகப் பார்த்த லொறி

அஸர் தொழுகைக்கு வுழூச் செய்யும்போது கையை மூக்கருகே கொண்டுபோனேன். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் இரும்புக் கறள் மணம் போகவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து, பழைய வண்டி வாங்கி விற்ற உங்கள் சட்டைகளில் இதே மணத்தைத் துவைத்துத் துவைத்துத் தோற்றவள் நான். ‘இந்த மணத்தோட கட்டிலுக்கு வராதீங்க’ என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன்! இன்று என் கையிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொழுது முடித்தும் முசல்லாப் பாயை மடிக்க மனம் வரவில்லை. நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் இரண்டாவது நோன்பு வரப்போகிறது. வேறு யாரிடமும் சொன்னால் இந்தக் கதை அவர்களுக்கு விளங்காது, உங்களுக்குத்தான் விளங்கும்.

இன்று நான் லொறி பார்க்கப் போனேன். சிரிக்காதீர்கள். அட்டாளைச்சேனையில் ஒரு நெல் மில்லின் பின்வளவில், முருங்கை மரத்தடியில் நிற்கிறது அது. வெள்ளைக்காரன் காலத்து மூக்கு லொறி. ஒரு காலத்தில் என்ன நிறம் என்று கேட்டால் சொல்லத் தெரியாத அளவுக்குக் கறள். டயர் நாலும் மண்ணுக்குள் புதைந்து கிடக்கின்றன. அதைத்தான் நம் இளையவளின் மாப்பிள்ளை வாங்கப்போகிறேன் என்று நின்றார்.

நீங்கள் இருக்கும்போது அவர் கட்டாரில் வெல்டிங் வேலை செய்துகொண்டிருந்தார் அல்லவா? இப்போது வந்து நிற்கிறார். கம்பெனிக்காரன் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிடுகிறான், இந்த மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவருக்குப் போக விருப்பமில்லை. இப்போதெல்லாம் நம் பக்கத்து மாப்பிள்ளைமார் நிக்காஹ் முடிந்து பெண் வீட்டுக்குக் காரில் வருவது குறைவு. பழைய ஜீப்பு, பழைய லொறி என்று பூச்சோடித்து ஏறி நின்றுகொண்டு வருகிறார்கள். இந்த லொறியைத் திருத்தி அதற்கு வாடகைக்கு விடலாம் என்பது மருமகனின் கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆனால் கட்டாரில் வெயிலில் நின்று சேர்த்ததெல்லாம் இந்த ஒரே லொறிக்குள் போய்விடும். அது உள்ளே உக்கிப்போனதாக இருந்தால் மறுபடி விமானம் ஏறுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. உங்கள் பேரன் இப்போதுதான் வாப்பாவின் முகத்தைப் பார்த்து அழாமல் இருக்கப் பழகியிருக்கிறான்.

“மாமி, நீங்க ஒருக்கா வந்து பாருங்க. நீங்க சரியெண்டா எடுப்பம், இல்லாட்டி விட்டிருவம்” என்றார். மகள்தான் சொல்லிக் கொடுத்திருப்பாள். ஊருக்கு நீங்கள் லொறி பார்ப்பதில் பெரிய ஆள். யார் பார்த்தது என்பது நம் வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத்தானே தெரியும்.

உங்களுக்கு இருந்த நோய் என்னவென்று நான் சொல்லட்டுமா? தேத்தண்ணி. விற்கிறவன் வீட்டில் ஒரு கோப்பை குடித்துவிட்டால் உங்கள் வாய் கட்டிப்போகும். ‘அவங்கட வீட்டுத் தேத்தண்ணியக் குடிச்சிட்டு அவங்கட வண்டியக் குறை சொல்றதா புள்ள?’ என்பீர்கள். உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. இந்தக் கரையில் எத்தனை ஆம்பிளைகள் இப்படித் தின்று குடித்து, வெட்கத்துக்கு விலை கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்! சுனாமிக்கு அடுத்த வருஷம் நிந்தவூரில் இருந்து ஒரு வேன் கொண்டுவந்தீர்களே, மறந்திருக்க மாட்டீர்கள். பளபளவென்று நின்றது. நான் ஆசையாய்க் கதவைத் திறந்தேன், கதவுக்குள்ளிருந்து கடற்கரை மணல் பொலபொலவென்று என் காலில் கொட்டியது.

“கடல் வந்த அண்டைக்கு இது எங்க நிண்ட எண்டு கேட்டீங்களா?”

“வட்டிலாப்பம் வெச்சாங்க புள்ள” என்றீர்கள். தின்ற இனிப்புத்தான் உங்கள் பதில். நான் ஏசத் தொடங்கிச் சிரித்துவிட்டேன், நீங்களும் சிரித்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகுதான் என்னையும் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினீர்கள். நீங்கள் விறாந்தையில், நான் குசினியில். நம் ஊர்களில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தானே எழுதிக் கொடுக்கிறார்கள். லொறி புருஷனுடையதாக இருக்கலாம், அது நிற்பது அவளுடைய முற்றத்தில். ஒயில் ஒழுகினால் கருகுவது அவளுடைய மல்லிகைக் கன்று. விடியப்புறம் ஸ்டார்ட் வராமல் இருமினால் எழும்புவது அவளுடைய பிள்ளை. ஆகையால் அவளுக்குத் தெரியாத குறை அந்த லொறியில் இருக்காது. நான் போய் அடுப்படியில் குந்தி, வெங்காயம் உரித்துக்கொண்டே, “நல்ல லொறி போல கிடக்கு, ஏன் ராத்தா விக்கிறீங்க?” என்று கேட்டால் போதும். “என்னத்த நல்ல லொறி! மழை பேஞ்சா அது அசையுமா? தள்ளித் தள்ளி எங்கிட புள்ளையள்ற கை ஓஞ்சி போச்சு” என்று எல்லாம் வந்துவிடும். புருஷன்மார் விறாந்தையில் மறைத்ததைப் பெண்சாதிமார் குசினியில் கொட்டுவார்கள்.

நான் விறாந்தைக் கதவில் வந்து நின்று “புள்ளையள் தேடும், போவமா?” என்று கேட்டால் அந்த வண்டி வேண்டாம். பேசாமல் நின்றால் விலை கதைக்கலாம். நீங்கள் எவ்வளவு ருசியாகக் குடித்துக்கொண்டிருந்தாலும் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிடுவீர்கள். ஒரு நாள்கூட ஏன் என்று அவ்விடத்தில் கேட்டதில்லை. பள்ளியடியில் ஆட்கள் உங்களைப் புகழ்ந்தால், “நான் சும்மா வெளிய பாக்கிற ஆள். உள்ள பாக்கிறது எங்கிட வீட்டுல” என்று வெட்கமில்லாமல் சொல்வீர்கள். அவர்கள் அதைப் பகிடியாக எடுத்துச் சிரிப்பார்கள். எந்த ஆம்பிளை அப்படிச் சொல்வான்? உங்களை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அழுகையில்லை, பெருமைதான்.

ஆனால் ஆசைக்கு உங்களிடம் அளவே இல்லை. கறள் பிடித்த எதைக் கண்டாலும் நின்றுவிடுவீர்கள். ‘இதில ஒரு அழகு இரிக்கி புள்ள’ என்பீர்கள். நான் ‘போவமா’ என்பேன். நம் காலம் முழுக்க அப்படித்தான் போனது.

இன்று மகளும் மருமகனும் பேரனும் நானுமாகப் போனபோது மில்கார ஹாஜியார் நல்ல மரியாதையாய் விறாந்தையில் கதிரை போட்டார். தேத்தண்ணி வந்தது, தொதல் வந்தது. பழக்கத்தில் நான் குசினிப் பக்கம் போக எழும்பிவிட்டேன். எழும்பிப் பார்த்தால் மருமகன் ஏற்கனவே கோப்பையை வாயில் வைத்துவிட்டார், முகமெல்லாம் சிரிப்பு. யா அல்லாஹ், அச்சொட்டாக நீங்கள்தான்! இவரைத் தனியாக விட்டுப் போனால் லொறியோடு முருங்கை மரத்தையும் சேர்த்து வாங்கிவிடுவார். என்ன செய்வதென்று நான் நிற்கும்போதே நம் மகள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். “புள்ளைக்குக் கொஞ்சம் சுடுதண்ணி வேணும்” என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டாள். நான் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகத்தான் போனாள். நான் திரும்பி வந்து கதிரையில் இருந்தேன், வாழ்க்கையில் முதல் தரம் விறாந்தையில், ஆம்பிளைகள் விலை கதைக்கிற இடத்தில். தேத்தண்ணியையும் குடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் பின்வளவில் சுத்தியல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஹாஜியாரின் பெண்சாதி என் பேரனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறா. நம் மகள் அபாயாவோடு லொறிக்கு அடியில் படுத்துக்கொண்டு, போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு இடமாகத் தட்டுகிறாள். நானும் போய்க் குனிந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த மணம் அப்போது பிடித்ததுதான்.

நான் என்றால் கதவில் வந்து நின்று சைகை காட்டியிருப்பேன். அவள் தலையெல்லாம் கறளோடு நேரே விறாந்தைக்கு வந்து, ஹாஜியார் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: “கடல் வந்த அண்டைக்கு இது மருதமுனையில நிண்டிரிக்கி. அடிவரைக்கும் உப்புத் தண்ணி ஏறியிரிக்கி.”

ஹாஜியார் தடுமாறிப் போனார். “நான் மறைக்கல்ல மகள். ஒருத்தரும் கேக்கல்ல, அதான் சொல்லல்ல.”

“கதவு ரெண்டும் கீழ்ப்பக்கம் உக்கிப்போச்சு. உள்தரையில கால வெச்சா நிலம் தெரியுது. அடிச்சட்டம், சசி மட்டும் நல்ல கட்டி, நுனியில இருந்து நுனிவரைக்கும் தட்டிப் பாத்தன். குசினியில இரிக்கிற மாமிட வாப்பாதான் அண்டைக்கே கிணத்துத் தண்ணி ஊத்திக் கழுவி, கழிவு ஒயில் பூசி வெச்சிரிக்காரு. எஞ்சினும் இறுகல்ல, கம்பி போட்டுச் சுத்தினா சுத்துதாம்.” பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “ஆனா நிறைய வேலை உம்மா. பயமா இரிக்கி. வேணாம், போவம்.”

மருமகன் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் கட்டார் தெரிந்தது எனக்கு.

நான் எட்டி லொறியைப் பார்த்தேன். நீட்டு மூக்கு, முன்னால் இரண்டு வட்ட விளக்கு, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிற நிலை. என் வாயில் என்ன வந்தது தெரியுமா?

“இதில ஒரு அழகு இரிக்கி புள்ள.”

மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். உம்மாவுக்கு என்ன பிடித்துவிட்டது என்கிற பார்வை. நான் மருமகனைக் கேட்டேன்: “மகன், கதவும் தரையும் உங்களுக்குச் செய்ய ஏலுமா?”

“அது என்ட கை வேலை மாமி. சசி பழுதெண்டா நானே வேணாமெண்டிருப்பன்.”

“பிறகென்ன? இதில நெல்லா ஏத்தப் போறம்? மாப்பிள்ளைய ஏத்தி, மெல்லமா பொண்ணு வீடுவரைக்கும் உருட்டப் போறம்.”

மகள் கொஞ்சம் யோசித்தாள். மறுபடி போய்ச் சசியை ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டு வந்து தலையாட்டினாள். பிறகுதான் நான் ஹாஜியாரிடம் திரும்பினேன். அவருடைய தேத்தண்ணி என் வயிற்றில், அவருடைய தொதல் என் கையில். உங்கள் வாய் கட்டிப்போகிற அதே இடத்தில் என் வாய் திறந்தது. கதவைச் சொன்னேன், தரையைச் சொன்னேன், உப்புத் தண்ணியைச் சொன்னேன், இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு டயரைச் சொன்னேன். மனுஷன் சிரித்தே விட்டார். சிரித்துக்கொண்டே விலையை இறக்கினார். நீங்கள் இருந்து பார்த்திருக்க வேண்டும்!

“யார்ட பேருக்கு மாத்துற? மருமகன்ட பேருக்குத்தானே?” என்று ஹாஜியார் கேட்டார். “வீடு பொம்புளைக்கு, வாகனம் ஆம்புளைக்கு. அதானே நம்மட வழக்கம்.”

குசினிக் கதவில் நின்ற அவருடைய பெண்சாதி, “எங்கிட வாப்பாட லொறிதான் இது. பேரு மட்டும் இவருக்கு” என்று சொல்லிச் சிரித்தா.

மருமகன் என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. “இவட பேருக்கு மாத்துங்க. இவதானே அடியில படுத்துப் பாத்த” என்றார்.

மகள் உடனே அபாயாவைத் தட்டத் தொடங்கிவிட்டாள், கறள் தூசு போகாது என்று தெரிந்தும். நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். நல்ல அழுகைதான், நீங்கள் பயப்பட வேண்டாம். இந்தப் பிள்ளையை நாம் வளர்த்தோம். இப்படிப்பட்ட ஒருவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தோம். அவர் வேண்டுமென்று பிடிவாதமாய் நின்றது நீங்கள், வேண்டாமென்று சொன்னது நான். அதில் நீங்கள் வென்றுவிட்டீர்கள், ஒத்துக்கொள்கிறேன்.

இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறையில் மருமகன் கட்டாருக்குப் போன் எடுத்து, வரமாட்டேன் என்று சொல்கிற சத்தம் கேட்கிறது. இடையில் பேரன் போனைப் பறிக்கப் பார்க்கிறான் போல, இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

உங்களிடம் நான் ஒன்றுக்கும் ஆசைப்பட்டதில்லை என்று பெருமை பேசியிருக்கிறேன். ஆசைப்படுகிற வேலையை எல்லாம் நீங்களே செய்ததால் எனக்கு மறுக்கிற வேலை மட்டும் மிஞ்சியது என்று இப்போதுதான் விளங்குகிறது. நீங்கள் போனபோது அந்த ஆசையும் கபுருக்குள் போய்விட்டது என்று இருந்தேன். போகவில்லை. என்னிடம்தான் இருக்கிறது, நல்ல சுகமாக இருக்கிறது. மறுக்கிற வேலையை மகள் எடுத்துக்கொண்டாள், என்னைவிடச் சத்தமாகச் செய்கிறாள்.

இன்ஷா அல்லாஹ், லொறி திருத்தி முடிந்ததும் முதல் ஓட்டம் எந்த மாப்பிள்ளைக்கும் இல்லை என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். மகள் ஓட்டுவாள். நான் முன் சீட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டு, கல்முனைக் கடைத்தெருவின் நடுவால் போவேன். இது யார் பார்த்து எடுத்த லொறி என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் நானே பதில் சொல்வேன்.