பத்தில் ஒரு கிராம்

கோவில்பட்டி
17.3.2002

அன்பு மகள் தீபலட்சுமிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி செல்வகணேஷும் சுகம். அங்கே மாப்பிள்ளை சுகம், உன் சுகம், பேரன் கதிரேசன் சுகம் மூன்றையும் அறிய ஆசை, மூன்றாவதை முதலில் எழுதச் சொல்லுங்கள் என்று உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லுகிறாள். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது, கடையில் வைத்தே பிரித்துப் படித்தேன். கதிருக்குக் காது குத்த கழுகுமலைக்கு வரப்போவதில்லை, பம்பாயிலேயே ஏதாவது ஒரு கோவிலில் குத்திக்கொள்கிறோம், கோவில்பட்டிக்கு அவனை இனிமேல் கூட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். படித்து முடித்த கையோடு ஒரு ஆளுக்குச் சீனிக்குப் பதில் உப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டில் போய் காபி போட்டுக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். அவரைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு இந்தக் கடிதத்துக்கு உட்கார இன்றைக்குத்தான் முடிந்தது.

உன் கோபம் நியாயம், அதில் நான் தர்க்கம் செய்யவில்லை. போன வருஷம் மே மாதம் நீ வந்தபோதே, வலிப்புக்காக டாக்டர் அவன் சாப்பாட்டையே மாற்றிவிட்டார், வெண்ணெய், எண்ணெய், முட்டை, பாலாடை இதுதான் இனி சாப்பாடு, அரிசி கோதுமை உருளைக்கிழங்கு சீனி எதுவும் வாயில் படக்கூடாது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியையே திறந்தாய். எல்லாரும் தலையை ஆட்டினோம். பக்கத்து வீட்டுச் சுடலையம்மாளும் ஆட்டினாள். ஆட்டியவள்தான் மறுநாள் மத்தியானம் அவனுக்கு ஒரு டம்ளர் கம்மங்கூழ் கரைத்துக் கொடுத்தாள். கேட்டதற்கு, "அரிசி ஆகாதுன்னா, கோதுமை ஆகாதுன்னா, கம்பு ஆகாதுன்னு தீபா ஒரு வார்த்தை சொல்லலியே, சர்க்கரை வியாதிக்காரங்களுக்கே டாக்டரு கம்புதான குடிக்கச் சொல்லுதாரு" என்றாள். அவள் சொன்னதிலும் பொய் இல்லை. பம்பாயில் உனக்குச் சாப்பாட்டுக் கணக்கைச் சொல்லிக் கொடுத்த டயட்டீஷியன் அம்மா கம்பைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள், அதனால் அதைச் சொல்லவில்லை. இந்தக் கரிசல் காட்டில் அதைத் தவிர வேறு என்ன கொடுப்போம். திரும்பிப் போகும்போது மதுரை தாண்டி ரயிலில் அவனுக்கு வலிப்பு வந்ததும், நீ அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டு பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் பதில் சொன்னதும், ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து நீட்டியதும் நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். கூழால்தான் வந்ததா என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை என்றும் நீதான் எழுதினாய். ஆனாலும் சுடலையம்மாள் அன்றிலிருந்து நம் வீட்டுப் படி ஏறவில்லை. உப்பு புளி கடன் கேட்கக்கூட எதிர் வீட்டுக்குப் போகிறாள்.

நீ நினைப்பதுபோல் இங்கே யாரும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாளைக்கு அவனுக்குப் பத்து கிராம் மாவுச்சத்துதான் என்று நீ சொன்னதை அரையும் குறையுமாகப் புரிந்துகொண்டு, பத்து கிராம் என்றால் எவ்வளவு என்று பார்க்க நான் கடைத் தராசை எடுத்தேன். என் தராசில் ஐம்பது கிராமுக்குக் கீழே படிக்கல் கிடையாது. ஒரு கைப்பிடி அரிசியைத் தாளில் மடித்துக்கொண்டு நகை வேலை செய்யும் சாமித்துரை ஆசாரி பட்டறைக்குப் போனேன். அவர், "என்ன அண்ணாச்சி, அரிசிய உருக்கவா, உரசிப் பாக்கவா" என்று கேட்டார். பத்து கிராம் நிறுத்துக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து உன் அம்மா உள்ளங்கையில் வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள், "கோழிக்குஞ்சுக்கு இதவிடக் கூட இறைப்பேன, பிள்ளைக்கு இம்புட்டுத்தானா" என்று அழுதுவிட்டாள். பிறகு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் உனக்குப் போன் போட்டபோதுதான் விஷயம் தெளிந்தது. பத்து கிராம் என்பது சாப்பாட்டின் எடை இல்லை, சாப்பிடுகிற எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கிற மாவையும் இனிப்பையும் சேர்த்துக் கூட்டினால் வருகிற பத்து, கீரையில் கொஞ்சம் தயிரில் கொஞ்சம் என்று அதற்குள் அடக்க வேண்டும், மிச்ச வயிறு முழுக்க நெய்யும் வெண்ணெயும்தான் என்று சொன்னாய். நிலக்கடலையிலும் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றாய். கடலை மிட்டாய்க்குப் பேர்போன இந்த ஊரில் இதை வெளியே சத்தமாகச் சொல்ல முடியாது. எல்லாருக்கும் பத்துதானா என்று கேட்டதற்கு, இல்லை, வயசும் எடையும் பார்த்து ஆளுக்கு ஆள் டாக்டர் போடுகிற கணக்கு, பெரியவர்களுக்கு வேறு, நீங்கள் யாரும் ஆர்வக்கோளாறில் ஆரம்பித்துவிடாதீர்கள் என்று கண்டித்துச் சொன்னாய். கோவில் திருநீறு கணக்கில் வருமா என்று நான் கேட்டதற்கு மட்டும் நீ பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டாய். வராது என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் எதைத் தொட்டாலும் சந்தேகம்தான். உனக்கு இங்கிருந்து மாதாமாதம் நல்லெண்ணெய் டின் அனுப்பிக்கொண்டிருந்தேன் அல்லவா, போன மாதம் செக்கடிக்குப் போனபோது முத்துகிருஷ்ணன் எள்ளோடு கருப்பட்டியை உடைத்துப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமாகப் பார்க்கிற காட்சிதான், அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கருப்பட்டி போடாமல் ஆட்டித் தா என்றேன். "கருப்பட்டி போடாட்டா எண்ணெய் எப்படிப் பிரியும் அண்ணாச்சி, போட்ட இனிப்பெல்லாம் புண்ணாக்கோட போயிரும்" என்கிறான். போகிறதோ, போகவில்லையோ, எனக்குத் தெரியாது. அந்த டயட்டீஷியன் அம்மாவிடம் கேட்டு எழுது. கையில் இருக்கிற டின்னை நீங்கள் பெரியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள், அவனுக்கு இனி தேங்காய் எண்ணெய்தான். நெய்க்கு நாகலாபுரத்தில் உன் பெரியப்பா பூவனலிங்கத்திடம் சொல்லியிருக்கிறேன், அவர் வீட்டு எருமை வெண்ணெயை உன் அம்மாவே போய் நின்று உருக்கி வாங்கி வருவாள். இருமல் வந்தால் மருந்துக் கடையில் கொடுக்கிற சிரப்பிலும் சீனி இருக்கிறது என்று செல்வகணேஷ் பாட்டிலில் படித்துச் சொன்னான், உனக்குத் தெரியாமல் இருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன்.

இனி காதுகுத்து விஷயம். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், தாய்மாமன் மடியில் பிள்ளையை வைத்து, ஊசி இறங்குகிற நேரம் பிள்ளை வாயில் தாய்மாமன் கருப்பட்டித் துண்டை வைக்க வேண்டும். இனிப்பு வைக்காமல் குத்தினால் அது காதுகுத்தே இல்லை, காதில் ஓட்டை என்றுதான் பேர் என்று பூவனலிங்கம் அண்ணன் ஒரே பிடியாக நின்றார். பிள்ளைக்கு வலிப்பு வந்தால் நீங்கள் வந்து மடியில் போட்டுக்கொள்வீர்களா என்று நானும் ஒரே பிடியாக நின்றேன். கடைசியில் குத்தப்போகிற ஆள் சாமித்துரை ஆசாரிதானே, அவரிடமே கேட்டுவிடலாம் என்று இருவரும் போனோம். அவர், "வாய்க்குள்ள எது இருந்தா என்ன அண்ணாச்சி, வாய் மூடியிருந்தாச் சரி, ஆட்டம் இல்லாம இருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆகவே வெண்ணெய் என்று முடிவாயிற்று. உன் தம்பி அதோடு விடாமல் ஒரு உருண்டை வெண்ணெயை வாயில் போட்டுக்கொண்டு உன் அம்மாவைத் தன் காதைத் திருகச் சொல்லிப் பார்த்தான். வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் கருப்பட்டி வைத்தாலும் இப்படித்தான் வலிக்கும் என்று சொல்லுகிறான். விருந்தும் பேசியாகிவிட்டது. வருகிற ஆட்களுக்குக் கழுகுமலை மண்டபத்தில் சோறும் கறியும். நம் வீட்டு ஆட்கள் மட்டும் கதிரோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து அவன் இலையில் என்ன விழுகிறதோ அதையே அந்த ஒரு வேளை சாப்பிடுவது. செல்வகணேஷ் ஒப்புக்கொண்டான். முன்னால் ஒரு தடவை சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரலாமா என்று மட்டும் கேட்டான். கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நீ இருக்கிற நாட்களில் கடையை அடைத்துப் போடுகிறேன், மிட்டாய் ஜாடி எதுவும் அவன் கண்ணில் படாது.

நீ வேண்டாம் என்று சொல்லியும் ஒரு காரியம் செய்தேன், கோபப்படாதே, ஒரே ஒரு நாள்தான். அவன் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்த்தேன். காலையில் வெண்ணெயில் பொரித்த முட்டையும் பாலாடையும் வைத்தாள் உன் அம்மா, ராஜாவாட்டம் இருந்தது. மத்தியானம் கீரை மிதக்கிற அளவு எண்ணெய். நான்கு மணி வாக்கில் தலை கனத்தது, கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் எரிந்து விழுந்தேன். ஒரு அம்மாள் சின்னப் பையனோடு சோப்பு வாங்க வந்தாள். அவன் பன் தின்றுகொண்டிருந்தான். நான் அந்தப் பன்னை எவ்வளவு நேரம் பார்த்தேன் என்பது அவள் அதை முந்தானையில் மறைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ராத்திரி சோறு சாப்பிட்டுவிட்டேன். சாப்பிடும்போது கதிர் நினைப்பு வந்தது. நமக்கு அந்த ஒரு நாள் ராத்திரியோடு முடிந்தது, அவனுக்கு முடியவில்லை. எனக்குப் பன் ஞாபகம் வந்தால் எட்டி எடுத்துக்கொள்ளலாம், ஐந்து வயசுப் பிள்ளை கேட்காமல் இருக்கிறானே என்று நினைத்தேன். அவனை அப்படிக் கேட்காமல் இருக்கப் பழக்கியவள் நீ என்றும் நினைத்தேன். அங்கே பக்கத்தில் நம் ஆள் ஒருவர் இல்லாமல், ஒவ்வொரு வாயையும் நிறுத்து நிறுத்து ஊட்டிவிட்டு, அவன் பார்க்கக்கூடாது என்று சமையல்கட்டில் நின்றுகொண்டே நீ சோறு தின்கிறாய் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். "உக்காந்து தின்னச் சொல்லுங்க அவள" என்று உன் அம்மா சொல்லுகிறாள், நான் அப்படியே எழுதிவிட்டேன். தீபா, கழுகுமலை, காதுகுத்து எல்லாம் ஒரு சாக்குத்தான். உன்னைப் பார்க்க வேண்டும். உன்னைக் கொஞ்ச நாள் உட்கார வைத்துச் சோறு போட வேண்டும், அந்த நேரம் அவனை நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டு மாதமாக வலிப்பு இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதை நாங்கள் கெடுத்துவிடுவோம் என்று நீ பயப்படுகிறாய். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, இல்லை என்று எழுதினால் பொய். நீ பக்கத்தில் இருந்தால் அந்தப் பயம் எனக்குக் குறையும், நாங்கள் பக்கத்தில் இருந்தால் உனக்கும் குறையுமா என்று பார்க்கத்தான் இவ்வளவும். சுடலையம்மாளிடம் நீ ஒருவேளை வருவாய் என்று ஜாடையாகச் சொன்னேன். "வரட்டும் அண்ணாச்சி, நான் ரெண்டு கையையும் கட்டிக்கிட்டுத் தூரத்துல நின்னு பாத்துக்கிடுதேன்" என்றாள்.

இன்னொன்று கேட்க வேண்டும். அவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் சீனித்தண்ணீர் தொட்டு அவன் நாக்கில் சேனை வைத்தவன் நான். சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள், பலசரக்குக் கடைக்காரன் கை, கணக்கில் கறாராக இருப்பான் என்று எல்லாரும் கேலி செய்தார்கள். இப்படி ஒரு கணக்கு அவனுக்கு வரும் என்று யார் கண்டது. அதற்கப்புறம் நீங்கள் பம்பாய் போய்விட்டீர்கள், அப்புறம் வலிப்பு வந்துவிட்டது, அந்த ஒரு சொட்டுக்குப் பிறகு என் கையால் அவனுக்கு நான் எதுவும் கொடுத்ததில்லை. போன வருஷம் கடையில் ஜாடிகளுக்கு முன்னால் நின்று, "தாத்தா, இதெல்லாம் யாருக்கு" என்று கேட்டான். வருகிறவர்களுக்கு என்று சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். தேங்காய்ச் சில் கொஞ்சம் ஆகும் என்று நீ முன்பு எழுதியிருந்தாய். எவ்வளவு தேங்காயில் ஒரு கிராம் மாவுச்சத்து வரும் என்று அந்த டயட்டீஷியன் அம்மாவிடம் கேட்டு எழுது, சாமித்துரை ஆசாரி தராசில் நிறுத்து வைத்துக்கொள்கிறேன், ஒரு துணுக்கு கூடாது. காது குத்தி முடிந்ததும் என் கையால் அவனுக்குக் கொடுக்கிறேன். அன்றைக்கு ஒன்பது கிராமை நீ கொடு. ஒரு கிராமை எனக்கு விட்டுவை.

கழுகாசலமூர்த்தி கதிரையும் உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல் நெடுநாள் வைத்திருக்கட்டும், என் ஆசீர்வாதமும் உன் அம்மா ஆசீர்வாதமும். மே மாத டிக்கெட்டுக்கு இப்போதே கூட்டம் என்று சொல்லுகிறார்கள், மாப்பிள்ளையைச் சீக்கிரம் பதிவு செய்யச் சொல். தேங்காய்க் கணக்கை மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
கோபாலசாமி